துப்பாக்கி உரிமமும் தோட்டப்புற மக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் 1791ஆம் ஆண்டின் இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாகக் காக்கிறது. நம் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ போலீசார் தரும் உரிமத்தின்பேரில் மட்டுமே அதை அனுமதிக்கிறது. இது தனிமனிதச் சுதந்திரத்தைப் பறிப்பது என்று நம் இளைஞர்கள் சிலர் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் இடத்தில் ஒருவரின் கவனக்குறைவு அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரைக் குடித்துவிடும்.

ஆயினும் எங்கள் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களின் சிரமத்தையும் சொல்லியாக வேண்டும். நட்டுச் சில மாதங்களே ஆன செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகக் கிளறிக் குருத்தைத் தின்றுவிடுகின்றன. உரிமத்துக்கு விண்ணப்பித்துப் பதிலின்றிக் காத்திருக்கும் சிலர் பொறுமையிழந்து கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். விடியற்காலையில் குலை வெட்டச் செல்பவரின் கால் அதில் சிக்கினால் யார் பொறுப்பு? (கள்ளத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டப்படி அதற்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு.)

விண்ணப்பத்தின் மீது குறித்த காலத்துக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். உரிமம் பெற்றவர் வீட்டில் துப்பாக்கியும் தோட்டாக்களும் தனித்தனியே பூட்டி வைக்கப்பட்டுள்ளனவா என்று போலீசார் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கட்டும். அதைக் குறுக்கீடு என்று நான் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்