எல்லோருக்கும் ஏன் அதே செவ்வாய், புதன், வியாழன்?

சென்னை ராஜீவ் காந்தி சாலையில் அலுவலகம் நடத்தும் மென்பொருள் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும் மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

காலை பத்து மணிக்குப் பின் வாயிலில் அடையாள அட்டையைத் தேய்ப்பவர்களுக்கு அரை நாள் விடுப்பு கழிக்கப்படும் என்று சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் வந்த மின்னஞ்சல்தான் இந்த மடலை எழுத வைத்தது. பக்கத்துக் கட்டடங்களிலும் இதே விதி இருப்பதாக நண்பர்கள் சொல்வதால் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. 2020 மார்ச்சில் மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பினீர்கள். திரும்ப அழைத்தபோது வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றீர்கள். நல்ல ஏற்பாடுதான், நன்றியும் உண்டு. ஆனால் அந்த மூன்று நாள் எவை என்று தனித்தனியே ஆலோசித்த நீங்கள், சொல்லிவைத்தாற்போல் செவ்வாய், புதன், வியாழன் என்றே முடிவெடுத்தீர்கள். எப்போதாவது திங்கட்கிழமை வர நேர்ந்தால் குரோம்பேட்டையிலிருந்து சிறுசேரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறேன். புதன்கிழமை அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் போதவில்லை. 2008இல் ஆறு வழிச்சாலையாகத் திறக்கப்பட்ட இந்தச் சாலையின் நடுப்பகுதியை இப்போது மாதவரம்–சிறுசேரி மெட்ரோ பணிக்கான தடுப்புகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அந்தத் தடுப்புகள் திங்கட்கிழமையும் அங்கேயேதான் நிற்கின்றன.

சென்ற மாதம் மழை பெய்த ஒரு புதன்கிழமை காலை, காரப்பாக்கத்துக்கு முன்னால் தடுப்பை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் சென்ற ஒரு பெண், பேருந்துக்கு ஒதுங்கப்போய், தண்ணீர் நிறைந்திருந்ததால் தெரியாத பள்ளத்தில் முன்சக்கரத்தை இறக்கிக் கீழே விழுந்தார். மூன்று பேர் இறங்கி வண்டியைத் தூக்கினோம். சுடிதார் கிழிந்து முழங்காலில் ரத்தம் வழிந்தது. பின்னால் நின்றவர்கள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அடிபட்டிருக்கிறதா என்று நாங்கள் கேட்பதற்குள் அவர் கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, "மணி பத்தாயிடுச்சா சார்?" என்று கேட்டார். ஒன்பது ஐம்பது என்றேன். அந்தக் காலோடு அப்படியே ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டார். அவர் எந்த நிறுவனத்தவர் என்று நான் பார்க்கவில்லை. உங்களில் யாருடைய ஊழியராகவும் இருக்கலாம்.

அவரைப் போல நானும் இரு சக்கர வாகனத்துக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஊரடங்குக்கு முன் காலை ஏழு பத்துக்குக் குரோம்பேட்டையில் நிறுவனப் பேருந்து வந்து நிற்கும். கீழ்க்கட்டளை தாண்டுவதற்குள் பாதிப் பேர் உறங்கிவிடுவோம். 2020 செப்டம்பர் 1 வரை நகரப் பேருந்துகளே ஓடாத அந்த ஐந்து மாதங்களில், ஏதேனும் அவசரத்துக்கு வேண்டுமே என்று ஆளுக்கொரு பழைய வண்டி வாங்கினோம். அலுவலகம் திறந்த பிறகு, திங்களும் வெள்ளியும் இருக்கைகள் காலியாக இருக்கின்றன என்ற காரணத்தால் எங்கள் வழித்தடப் பேருந்து நிறுத்தப்பட்டது. காலியாக்கியது யார் என்பதைத் தாங்களே யோசித்துப் பார்க்கலாம். ஒரு பேருந்தில் வந்த நாற்பது பேர் இன்று ஏறக்குறைய நாற்பது வண்டிகளில் வருகிறோம்.

ஆகவே கோரிக்கை ஒன்றுதான்: நாள்களை உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் திங்கள், செவ்வாய், புதன் என்றால் அடுத்தது புதன், வியாழன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளட்டும். பக்கத்துப் பக்கத்து நிறுவனங்கள் கூட்டாக ஒரு பேருந்தை அமர்த்தினால் அதுவும் ஐந்து நாளும் நிறைந்தே ஓடும்.

இத்தனைக்கும், மூன்று நாள் வரும் நாங்களாவது கொடுத்துவைத்தவர்கள். உங்கள் மேசைகளைத் துடைக்கும் பெண்களுக்கும் வாயிலில் நிற்கும் காவலர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே எந்நாளும் இருந்ததில்லை. 570ஆம் எண் பேருந்தில் நின்றுகொண்டே வரும் அவர்கள், நாங்கள் உண்டாக்கும் நெரிசலில் எங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். தாமதமானால் அவர்களுக்குக் கழிவது விடுப்பல்ல, கூலி. இதற்கிடையே முதுகுவலியைத் தவிர்க்க நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது எப்படி என்று வாரந்தோறும் ஒரு மின்னஞ்சல் தவறாமல் வருகிறது. அதைத் தடுப்போரம் நின்றபடியே படித்துவிடுகிறோம், நேரம் நிறையவே கிடைக்கிறது.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நாள்களைப் பிரித்துக்கொள்ள அரசாணை வேண்டாம், மேம்பாலம் வேண்டாம், செலவும் இல்லை. அடுத்த காலாண்டு அட்டவணையை வெளியிடும் முன் பக்கத்துக் கட்டடத்துக்காரர்களோடு ஒருமுறை கலந்து பேசினாலே போதும். அதுவரையிலாவது மழை நாள்களில் பத்து மணி விதியைத் தளர்த்தி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் விளக்கம் தேவையெனில் வரத் தயாராக இருக்கிறேன். திங்கட்கிழமையாகவோ வெள்ளிக்கிழமையாகவோ இருந்தால் சொன்ன நேரத்துக்கே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
குரோம்பேட்டையிலிருந்து சிறுசேரிக்கு வரும் ஊழியன்