அர்த்தசாம முறையை எனக்கு விடுங்கள்
எங்கள் ஊர்த் திருக்கோயில் செயல் அலுவலருக்கும் அறங்காவலர் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பிய குறிப்பாணை கிடைத்தது. நம் கோயிலில் நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசிக்கிறவன் நான். இரவு கடைசிப் பூஜையான அர்த்தசாமத்துக்கு வாசிக்கும் முறையை மட்டும் எனக்கு விடும்படி ஆபீசில் மனு கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. முத்திரை குத்தி வாங்கி வைக்கிறார்கள், பதில் மட்டும் வரக் காணோம். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

பங்குனி உற்சவத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சாமி கோபுர வாசலைத் தாண்டும்போது என் கையில், புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி நின்றுபோனது. பக்கத்தில் நின்ற தம்பி எடுத்து முடித்தான். மறுநாள் காலை டீக்கடையில் நான் குடித்துவிட்டு வந்ததாகப் பேச்சு. சாயரட்சைக்குள் கோயில் ஆபீசிலும் அதே பேச்சு. குறிப்பாணையில் ‘ஒழுங்கீனம்’ என்று டைப் அடித்திருக்கிறீர்கள். என் அப்பா வாசித்த அதே திருவாசலில் நின்று வாசித்தவன் நான். அந்த எழுத்தைப் படித்துவிட்டு வீட்டில் யாரிடமும் காட்டாமல் மடித்து வைத்தேன்.

எனக்கு வந்திருப்பது ஃபோகல் டிஸ்டோனியா. தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டின் நகல் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, பிரித்துப் பார்த்தால் தெரியும். இதில் வலி கிடையாது, வீக்கம் கிடையாது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஒரே வேலையை வருஷக்கணக்காக, நுணுக்கமாக, திரும்பத் திரும்பச் செய்த விரல்களுக்கு மூளையில் இருக்கும் தனித்தனி இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வரப்பு கரைந்த வயல் மாதிரி, ஒன்றுக்குத் திறந்த தண்ணீர் பக்கத்து வயலிலும் பாய்கிறது. நடுவிரலைத் தூக்கினால் மோதிர விரல் தானாக உள்ளே மடங்குகிறது. மூடியிருக்க வேண்டிய துளை திறந்துகொள்கிறது. கிளாரினெட்டுக்கு இருப்பதுபோல நாயனத்துக்குச் சாவி கிடையாது. ஏழு துளையையும் விரல் சதைதான் மூட வேண்டும், கமகமும் அரைத்துளைச் சுரமும் அந்தச் சதையின் அழுத்தத்தில்தான் பிறக்க வேண்டும். ஒரு விரல் சொன்னபடி கேட்காவிட்டால் அந்தச் சுரத்தோடு போகாது, ராகமே குலைந்துவிடும்.

சான்றிதழ் வாங்கி வா என்றீர்கள். போனேன். மருத்துவக் குழுவில் உட்கார்ந்திருந்த டாக்டர் கையை இறுக்கி மூடச் சொன்னார், மூடினேன். மேஜையில் கிடந்த குண்டூசியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். சட்டைப் பித்தானைக் கழற்றி மாட்டச் சொன்னார். பேர் எழுதச் சொன்னார், எழுதினேன், கையெழுத்து அழகாயிருக்கிறது என்று பாராட்டினார். பிறகு, “கை நல்லாத்தானே இருக்கு, எதுக்குங்க சர்டிபிகேட்?” என்றார்.

நாயனத்தை உறையோடு கொண்டு போயிருந்தேன். “வாசிக்கும்போது மட்டும்தான் சார் வரும்” என்றேன். “இது ஆஸ்பத்திரி, இங்க ஊதலாமா?” என்றார். நியாயம்தான், பக்கத்தில் பிரசவ வார்டு. வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் செருகாமல், காற்று விடாமல், துளைகளில் வெறும் விரலை வைத்து ஒரு சங்கதியை ஓட்டிக் காட்டினேன். மோதிர விரல் சுருண்டு உள்ளங்கையைத் தொட்டது. அதைச் சமாளிக்கப் போய்ச் சுண்டு விரல் விறைத்து நீட்டிக்கொண்டது, மணிக்கட்டும் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. நாயனத்தைக் கீழே வைத்தேன், விரல் நேரானது. மறுபடி எடுத்தேன், சுருண்டது. டாக்டர் பக்கத்திலிருந்த உதவியாளரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “வேணும்னே மடக்காதீங்க பெரியவரே” என்றார். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. அதை விடுங்கள். காகிதத்தில் ‘செயல்பாட்டில் குறைபாடு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் இப்போது கேட்கிறீர்கள்: குறைபாடு இல்லையென்றால் ஏன் வாசிக்கவில்லை? வாசிக்க முடியாதென்றால் சான்றிதழ் எங்கே? இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் என் சம்பளம் நின்றுபோயிருக்கிறது. அந்த டாக்டரைக்கூட நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய படிவத்தில் நாயனத்துக்குக் கட்டம் கிடையாது. கோயிலுக்கும் அப்படிக் கட்டம் இல்லாமல் போகலாமா?

இது எனக்கு மட்டும் வந்த விபரீதம் இல்லை. தொழில்முறை வாத்தியக்காரர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது வருகிறது என்று டாக்டர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலும் முப்பதுக்கு மேல், வித்தை நன்றாகக் கை கூடிய பிறகுதான் வரும். அமெரிக்காவில் லியோன் ஃப்ளைஷர் என்று ஒரு பியானோ வித்வான் இருந்தார். 1960களின் நடுவில் அவருக்கு வலக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டுகொண்டன. என்ன நோய் என்று தெரியவே பல வருஷம் ஆயிற்று. அதுவரை இடக்கைக்கென்றே எழுதிய உருப்படிகளை வாசித்தார், ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினார், பாடம் சொன்னார். 1990களில் போட்டாக்ஸ் ஊசியும் கையைப் பிடித்துவிடும் சிகிச்சையும் எடுத்துக்கொண்டு மறுபடி இரண்டு கையாலும் மேடையேறினார். 2004இல் இரண்டு கையாலும் வாசித்த இசைத்தட்டு வந்தது. இதில் நான் கவனித்த விஷயம் வேறு. பால்டிமோரில் அவர் பாடம் சொன்ன பீபாடி இசைக்கல்லூரி அவ்வளவு காலமும் அவரை வாத்தியாராக வைத்துக்கொண்டிருந்தது. ‘ஒழுங்கீனம்’ என்று யாரும் எழுதவில்லை.

நம் நாயனத்துக்குத் தூரத்து உறவான ஓபோவை வாசிக்கும் அலெக்ஸ் க்ளைன், சிகாகோ சிம்ஃபனியில் முதல் இடத்தில் இருந்தவர், இதே நோயால் 2004இல் அந்த இடத்தை விட்டார். பிறகு தேறி வாசிக்கவும் வந்தார். ஆக, போன விரல் திரும்பி வரும். எல்லோருக்கும் வராது, முழுசாகவும் வராது, நாள் பிடிக்கும். ஆனால் வரும்.

மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. ஊசி போட்டால் சுமார் மூன்று மாதம் தாங்கும், அப்புறம் மறுபடி போட வேண்டும். மருந்து ஒரு சொட்டுக் கூடினால் விரல் சுருளாது, ஆனால் துளையை அழுத்தவும் செய்யாது. நாயனக்காரனுக்கு அது வேறொரு வம்பு. அதனால் டாக்டர் முதலில் சொன்னது விரலை ஆதியிலிருந்து மறுபடி பழக்குவது. வேகமே கூடாது. சுருளாத அளவுக்கு மெதுவாக, கொஞ்ச நேரம் மட்டும். சுருள ஆரம்பித்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். சின்ன வயதில் கை வராவிட்டால் இன்னும் நூறு தடவை வாசி என்பார் அப்பா. இதற்கு அந்த வைத்தியம் ஆகாது, நூறு தடவை வாசித்தால் இன்னும் மோசமாகும்.

விரல் நுனியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் தொடுகை மாறுகிறது. விரல் ஏமாந்து கொஞ்ச நேரம் சொன்னபடி கேட்கிறது. இதுவும் டாக்டர் காட்டிக்கொடுத்ததுதான். நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடையும் ஆசாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் புரியாதது அவருக்கு உடனே புரிந்தது. என் கையை வாங்கி ஆச்சா மரக் கட்டை மேல் தளர்வாக வைக்கச் சொல்லி, மோதிர விரல் தானாக எங்கே போய் விழுகிறதோ அங்கே பென்சிலால் குறித்தார். ஆறாவது துளையை மட்டும் சுருதி மாறாதபடி ஓரமாகத் தள்ளிப் போட்டுக் கொடுத்தார்.

அந்த நாயனத்தில் இப்போது விளம்ப காலம் வாசிக்க முடிகிறது. வேகமாக உருட்டும் பிருகா முடியாது, ரவைச் சங்கதி முடியாது. மல்லாரிக்கு இன்னும் வெகுதூரம். ஆனால் மெதுவாக, நின்று, இழுத்து வாசிக்க முடிகிறது. எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பயிற்சியும் நம் கோயில் அர்த்தசாமமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஐயா. சாமி பள்ளியறைக்குப் போகும்போது தாலாட்டு ராகமான நீலாம்பரி. அவசரமில்லை, கூட்டமில்லை. குருக்கள், பரிசாரகர், மெய்க்காவல், யாராவது வீட்டுக்குப் போக மனசில்லாத ஒரு பாட்டி. அந்த நேரத்தில் பிருகாவை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அடித்தால்தான் தப்பு.

அதைத்தான் கேட்டு எழுதினேன். புறப்பாடும் உற்சவமும் தம்பி வாசிக்கட்டும். ஒரு வருஷத்துக்கு அர்த்தசாம முறையை மட்டும் எனக்கு விடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

மனு கொடுத்த அடுத்த வாரமே அர்த்தசாமத்துக்கு ஸ்பீக்கர் கட்டினீர்கள். பென்டிரைவில் நீலாம்பரி. வாசித்தவர் யாரோ பெரிய வித்வான்தான், குறையே இல்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை குருக்கள் கதவைச் சாத்தக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நீலாம்பரி முடிந்து, பென்டிரைவில் அடுத்ததாக இருந்த இங்கிலீஷ் நோட்டு என்கிற துள்ளல் மெட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. தூங்கப் போன அம்பாளுக்குக் கல்யாண ஊர்வலம்.

தீபாராதனைக்கு, மோட்டாரில் தானாக அடிக்கும் மேளம் வந்தபோதே தவில்காரர்கள் முணுமுணுத்தார்கள், நாம் கேட்கவில்லை. அதில் சௌகரியம் அதிகம்தான். சம்பளக் கமிஷன் கேட்காது, கரண்டு போனால் மட்டும் லீவு. உபயதாரர் பெயரைச் சாமி பெயரை விடப் பெரிதாக எழுதலாம், தவில்காரர் முதுகில் அப்படி எழுத முடியாதே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோருக்கும் பெருமை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம், அதுவும் பெருமை. மரத்துக்குக் குறியீடு, மறைந்தவருக்கு மாலை, உயிரோடு இருக்கிறவனுக்குக் குறிப்பாணை.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் அடிக்க, கூடு மாட்டிய விரல் ஒன்று தன்னால் மடங்குகிறது என்று ஒரு தவில் வித்வான் என் காதோடு சொன்னார். நல்ல கை. டாக்டரிடம் போங்கள் அண்ணே என்றேன். “உன்னை இவங்க படுத்துற பாட்டப் பாத்துட்டு நான் போவேனா?” என்றார். கூட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறார். இப்படி மறைத்து வாசிக்கிறவர்கள் நம் டெல்டாவில் இன்னும் எத்தனை பேரோ. சீக்கிரம் போனால் பழக்கித் திருத்த வாய்ப்புண்டு. மறைக்க மறைக்க அந்தத் தப்பு கையில் ஊறிப்போகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்று ஒன்று இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் வந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்த வேலைக்கு ஆகாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று அதன் 20(4) பிரிவு சொல்கிறது. கோயில் அந்தப் பிரிவுக்குள் வருமா, என் விரல் வருமா என்று வக்கீல்கள் நாள் கணக்கில் வாதாடலாம். சாமி காரியத்தைக் கோர்ட் வாசலில் நிறுத்த எனக்கு மனசில்லை. உங்களுக்கும் இருக்காது என்று நம்புகிறேன்.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். குறிப்பாணையில் இருக்கும் ‘ஒழுங்கீனம்’ என்பதை எடுத்துவிடுங்கள். வருகிற ஆடி முதல் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்கு அர்த்தசாம முறையை எனக்கு விடுங்கள், நிறுத்திய சம்பளத்தையும் விடுவியுங்கள். சந்தேகம் இருந்தால் அறங்காவலர்கள் எந்த இரவும் வந்து கேட்கலாம், கூடவே ஒரு வித்வானையும் அழைத்து வரலாம். அடுத்த ஆடியில் விரல் தேறாமல் இருந்தால் முறையை நானே தம்பி பேருக்கு எழுதிக் கொடுக்கிறேன், யாரும் கேட்க வேண்டியதில்லை. ஸ்பீக்கரை அன்னதானக் கூடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அங்கே இங்கிலீஷ் நோட்டு தாராளமாக ஓடட்டும்.

ஆனி முடிவதற்குள் ஒரு வரி எழுதி அனுப்பினால் ஆசாரிக்கும் டாக்டருக்கும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
தங்கள் திருக்கோயில் நாயனக்காரன்