பள்ளி நிதியைப் பங்கிடும்போது மலையோரத்தையும் கடலோரத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசு தமிழகத்துக்குத் தராமல் நிறுத்திவைத்த 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்‌ஷா (பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டம்) நிதியைப் பற்றித் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். அது கேட்டு வாங்க வேண்டிய பணம்தான். ஆனால், வருகிற பணத்தில் எந்த ஊர்ப் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, எந்தக் கணக்கில் போகிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. குமரி மாவட்டத்தின் மலையோர அரசுப் பள்ளி ஒன்றில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் பள்ளி மானியம் தலைக்கணக்கில்தான் வருகிறது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000. அதற்கு மேல் 75,000, ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். இதில் பத்து சதவீதமாவது சுகாதாரப் பணிகளுக்கு என்று எடுத்து வைத்துவிட வேண்டும். 31 பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலிருந்து ஒரு குடும்பம் பிழைப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டால், ஒரே ஒரு பிள்ளை குறைந்ததற்காக 15,000 ரூபாய் குறைந்துவிடும். கூரை அதே கூரை, கழிப்பறை அதே கழிப்பறை, தண்ணீர் மோட்டாரும் அதேதான்.

எங்கள் பகுதியில் செலவு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழகத்தின் பெரும்பகுதியில் ஜூன் மாதம் வெயில் காலம். இங்கே பள்ளி திறக்கவும் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிக்கவும் சரியாக இருக்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவரில் அடுத்த ஆண்டே பாசி கறுத்து நிற்கும். ஓட்டுக்கடியில் மரச்சட்டம் ஊறிப்போகும். பள்ளி வளாகத்தில் காடு வெட்டாமல் விட்டால் பாம்பு வரும்; சின்னப் பிள்ளைகளை எப்படி உள்ளே விடுவது? பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குப் போனால், ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கும் செலவோடு அதை ஜீப்பில் ஏற்றும் செலவும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் அதே பத்தாயிரம், அதே இருபத்தைந்தாயிரம். மிச்சத்தைத் தலைமை ஆசிரியர் கைக்காசில் போடுகிறார், இல்லையென்றால் வேலை அப்படியே கிடக்கிறது.

இதைச் சொன்னால், “எழுத்தறிவில் முதல் மாவட்டமாச்சே, உங்களுக்கென்ன குறை?” என்கிறார்கள். உண்மைதான், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்துடன் குமரிதான் மாநிலத்தில் முதலிடம். அது மாவட்டத்தின் சராசரி. நாகர்கோவில் நகரத்தையும் மலையிலிருக்கும் கோதையாற்றையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண்ணை வைத்துக்கொண்டு, கோதையாற்றுப் பிள்ளைக்கு எதுவும் குறையில்லை என்று முடிவு செய்வது நியாயமே இல்லை. அப்புறம், அந்த முதலிடம் அரசுப் பணத்தால் மட்டும் வந்ததும் இல்லை. மயிலாடியில் லண்டன் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு காலூன்றிய காலம் தொட்டு, இங்கே ஊர் மக்கள் வயிற்றைக் கட்டிப் பள்ளி கட்டியிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் மீன் வருமானத்தில் ஊருக்கென்று ஒரு பங்கு எடுத்துவைத்துப் பள்ளியை வளர்த்தார்கள்.

அப்படி வளர்ந்தவைதான் இன்றைய அரசு உதவி பெறும் பள்ளிகள் பலவும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. கட்டடம் நிர்வாகத்தின் பாடு. அரசுப் பள்ளிகளுக்கான அந்த மானியமும் இவற்றுக்குக் கிடையாது. காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்த நல்ல திட்டம், ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகள் 2025 ஆகஸ்ட் வரை காத்திருந்தன. எங்கள் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம்; அவையும் நகர்ப்புறக் கணக்கில்தான் வரும். நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் வாழ்வதாக 2011 கணக்கு சொல்கிறது. தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும் மீன்பிடித் துறையும்தான் இந்த ‘நகர்ப்புறம்’! ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியின் பிள்ளையும் கட்டுமரக்காரரின் பிள்ளையும் ஏட்டில் நகரத்துப் பிள்ளைகளாகிவிட்டதால், காலைச் சாப்பாட்டுக்கு இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்போது வந்துவிட்டது, அதற்கு நன்றி. அடுத்த திட்டத்துக்கும் இதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டத்திலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் உள்ள ஊர்ப் பள்ளிக்கு நன்கொடை வரும், வரட்டும். முன்னாள் மாணவர்கள் எல்லாரும் தோட்டத் தொழிலாளிகளாக இருக்கும் பள்ளிக்கு யார் கொடுப்பார்கள்? நன்கொடை வராத பள்ளிகளுக்கு அரசே ஈடுகட்டும் ஏற்பாடு வேண்டும்.

நான் கேட்பது இதுதான். எத்தனை பிள்ளைகள் என்பதோடு, பள்ளி எங்கே இருக்கிறது, பொருள் கொண்டுபோக எவ்வளவு ஆகும், மழை எத்தனை மாதம், பெற்றோர் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து நிதி ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும், ஒரு பள்ளியைத் திறந்து நடத்த ஆகும் குறைந்தபட்சச் செலவு தனியாக வர வேண்டும். உதவி பெறும் பள்ளிகளில் வசூல் செய்ய வழியில்லாத ஏழை ஊர்ப் பள்ளிகளுக்காவது பராமரிப்புத் தொகை தர வேண்டும். இதற்குப் புதிதாக ஆய்வுக் குழு எதுவும் தேவையில்லை. பள்ளிகளைப் பற்றிய பெரும்பாலான விவரம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை அடுத்த முறை வரும்போது, குமரி மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு பார்க்காமல் இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவட்டார் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்