வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து மாதக் கூட்டங்கள் நடந்தன. ஜூனிலும் அக்டோபரிலும் மழை நம்மைக் கூடவிடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மறைந்த மூத்த உறுப்பினர் இருவருக்கும் நம் அஞ்சலி.

ஜூலைக் கூட்டத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வரலாற்று ஆசிரியை அன்று வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவைப் பற்றிப் பேசினார். சிதி பூசித் ஊரில் வண்டியில் காய்கனி விற்ற முகமது பூவசீசி 2010 டிசம்பர் 17 அன்று தீக்குளித்ததும், அதையொட்டி மூண்ட மக்கள் போராட்டத்தால் 28 நாட்களில் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடியதும் அப்போதே நாம் செய்தித்தாளில் படித்தவை. ஆசிரியை எடுத்துக்கொண்டது அதற்குப் பிந்தைய கதையை. முன்பெல்லாம் அங்கே சங்கம் வைக்க உள்துறையின் தயவு வேண்டும். 2011 செப்டம்பரில் வந்த 88ஆம் எண் ஆணைச்சட்டம், தகவல் தெரிவித்தால் போதும் என்றாக்கியது. சில ஆண்டுகளில் சங்கங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. அவற்றுள் ஒன்று 2012இல் தொடங்கிய 'அல் பவ்சலா'. திசைகாட்டி என்று பொருள். அந்த இளைஞர்கள் அரசியல் நிர்ணய சபையில் போய் உட்கார்ந்தார்கள். 217 உறுப்பினர்களில் யார் வந்தார், யார் எதற்கு எப்படி வாக்களித்தார் என்று குறித்து ஊரறியச் செய்தார்கள்.

பேச்சு முடிந்ததும் ஒரு தம்பி கேட்டார்: "நம்மில் எத்தனை பேர் கிராம சபைக்குப் போயிருக்கிறோம்?" இரண்டு கைகள்தான் உயர்ந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 15 அன்று ஒரு நோட்டுடன் ஏழு பேர் போனோம். கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்துக்கு ஏடு சுற்றி வந்தது. தீர்மானம் எழுதவேண்டிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. வாழை பயிரிடும் நம் உறுப்பினர் பாட்டி பேனாவை வாங்கி ஏட்டின்மேல் வைத்துவிட்டு, "முதலில் எழுதுங்கள் மக்களே, வாசித்துக் காட்டுங்கள், பிறகு ஒப்பு போடுகிறேன்" என்றார். பின்னால் நின்ற பெண்களும் கையெழுத்திடாமல் காத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் குளத்து மடைக்குப் பலகை மாற்றுவதும் தூர்வாருவதும் தீர்மானமாக எழுதி வாசிக்கப்பட்டன. அக்டோபர் 2 அன்றும் போய்த் தீர்மானத்தின் நகலைக் கேட்டோம். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளான நவம்பர் 1 இப்போது உள்ளாட்சி நாளும்கூட. அந்த நாளையொட்டி நவம்பரில் கூடிய சபையில் தீர்மான நகல் கைக்கு வந்தது. அது நூலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. மடைப் பலகை மாற்றியாயிற்று. தூர்வாரும் பணி இன்னும் தொடங்கவில்லை.

துனிசியாவின் பிற்பகுதியையும் ஆசிரியை மறைக்கவில்லை. 2013 அரசியல் நெருக்கடியில் தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து எதிரெதிர்க் கட்சிகளைப் பேசவைத்தன. 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றன. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சையது நாடாளுமன்றத்தையே நிறுத்திவைத்தார். இதைக் கேட்டுச் சிலர் சோர்ந்துபோனார்கள். நான் சோரவில்லை. எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் கையைவிட்டுப் போனது எது என்று அந்த மக்களால் இன்று சொல்ல முடிகிறது.

நமக்கும் இது நெருங்கிய விஷயம். 2025 ஜனவரி 5 அன்று நம் மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். வார்டு உறுப்பினரை வழியில் நிறுத்திக் கேட்க இப்போது முடியாது. கிராம சபைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த சபை மே 1. இம்முறை இதுவரை போகாதவர்கள் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டு மேசைமேல் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

செயலாளர்