சந்தா குறைவு, உத்தரவாதம் எங்கே?

ஐயா,

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு அஞ்சி, கிறித்துவ அமைப்புகளின் செலவுப் பகிர்வுத் திட்டங்களில் (உறுப்பினர்கள் கட்டும் மாதச் சந்தாவிலிருந்து ஒருவருக்கொருவர் மருத்துவ பில்லைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு) பலர் சேர்கிறார்கள். மாதச் சந்தா குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் இவை காப்பீடு அல்ல. உறுப்பினரின் பில்லைக் கட்டியே தீரவேண்டும் என்ற சட்டக் கடமை இவற்றுக்குக் கிடையாது. ஒபாமா காலச் சட்டப்படியான காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி 2014 முதல் யாரையும் ஒதுக்க முடியாது, இவை ஒதுக்கலாம். ஷேரிட்டி என்ற இத்தகைய அமைப்பு 2021இல் திவாலானபோது, ஏராளமான குடும்பங்களின் பில்கள் அப்படியே நின்றன. (மொய்ப்பணத்துக்காவது நோட்டு இருக்கும்!) சேர நினைப்பவர்கள் முதலில் அரசு மானியம் கழித்த பிரீமியத்தைக் கணக்கிடட்டும். வீட்டில் சர்க்கரை நோயாளியோ கர்ப்பிணியோ இருந்தால், விதிமுறைகளைக் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

– ஒரு வாசகர், நியூ ஜெர்சி