பெயர் போட வேண்டாம் என்ற அக்காவுக்கு நன்றி

மெல்பர்னில் எத்தியோப்பிய, எரித்திரியப் பெண்களுக்கு மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் மொழிபெயர்த்துத் துணைநிற்கும் அக்காவுக்கு எங்கள் தன்னார்வலர் குழுவின் நன்றி. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கடிகாரத்தை எங்களுக்குப் புரியவைத்தவர் அவர்தான். அம்ஹாரிக் என்ற எத்தியோப்பிய மொழியில் பகல் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், கிட்டத்தட்ட நம் பழைய நாழிகைக் கணக்குப் போல. நமக்குக் காலை 9 மணி என்றால் அவர்களுக்கு 3. ஸ்கேனுக்குப் பிற்பகல் 3 மணிக்கு வரச் சொன்னால் காலையிலேயே வந்து காத்திருப்பார்கள்; காலை 9 மணி என்றால் பிற்பகல் 3 மணிக்குத்தான் வருவார்கள். மருத்துவமனையிலோ அலட்சியம் என்று கோப்பில் எழுதிவிடுவார்கள்! அக்கா சந்திப்பு நேரச் சீட்டில் 15:00 என்று எழுதி, 'மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்றும் சேர்ப்பார்.

அடுத்த சிக்கல் பெயர். அங்கே இரண்டாவது பெயர் அப்பாவுடையது, குடும்பப் பெயர் அல்ல. தாய்க்கும் பிள்ளைக்கும் வேறாகத்தான் இருக்கும். இன்ஷியல் போடும் நமக்கு இது புதிதில்லை, படிவத்துக்குத்தான் புரியாது.

எத்தியோப்பியா என்றதும் அம்ஹாரிக் என்று முடிவுகட்டாதீர்கள். ஓரோமோவாக இருக்கலாம், திக்ரின்யாவாக இருக்கலாம். கேட்டுவிட்டு 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவையை அழையுங்கள். 24 மணி நேரமும் உண்டு. பிரசவம், குடும்ப வன்முறை என்றால் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சிறிய சமூகம், மொழிபெயர்ப்பவர் உறவினராகவே இருந்துவிடலாம். அதனால் தொலைபேசி நல்லது, பெண்ணின் பெயரையும் சொல்ல வேண்டாம். பிள்ளைகளை ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அக்கா, திருத்திய சீட்டின் மாதிரியை வரவேற்பு மேசையில் ஒட்டியாயிற்று.