தண்ணீர்மலை அடிவாரத்தில் ஓடி வந்த தம்பிக்கு

வணக்கம் தம்பி,

அப்பா நேற்று ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை இரண்டு கரண்டி கஞ்சியில் பசியாறினார். வெள்ளிக்கிழமை பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் அப்பா திடீரென இதயம் நின்று விழுந்தது நம் ஆட்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்ற தவிப்பில்தான் எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, டெலிவரி சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்தீர்கள். தோளைத் தட்டி, "அங்கிள், அங்கிள்!" என்று கூப்பிட்டீர்கள். அசைவில்லை. உங்கள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தீர்கள். நெற்றியில் ஒரு கை, தாடையில் இரண்டு விரல். அப்பாவின் தலையைப் பின்னால் சாய்த்து, உங்கள் கன்னத்தை அவர் வாயருகே வைத்து, கண்ணை அவர் நெஞ்சிலேயே நிறுத்தி எண்ணினீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று... உண்மையைச் சொல்கிறேன் தம்பி, பத்து வருவதற்குள் உங்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம். எதையாவது செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறானே என்று.

அப்பா குறட்டைபோல் ஓர் இழுப்பு இழுத்தார். அடங்கியது. மறுபடி ஓர் இழுப்பு. "மூச்சு இருக்கு, தொடாதீங்க" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

"இது மூச்சு இல்லக்கா. ஆம்புலன்சுக்கு 999 அடிச்சு ஸ்பீக்கர்ல போடுங்க."

சொல்லி முடிக்கும்போதே உங்கள் கைகள் நெஞ்சின் நடுவில் இருந்தன.

இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில், கரையில் போட்ட மீன்போல உடம்பு அப்படி இழுக்குமாம். அதை மூச்சு என்று எண்ணிக் கைகட்டி நின்றுவிடுவார்களாம். டாக்டர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. நீங்கள் வராவிட்டால் அப்பாவைத் தொடவிடாமல் தடுத்தது நானாகவே இருந்திருப்பேன்.

குடை பிடித்த மலாய்க்கார மக்சிக் (அம்மா), கார்களை நிறுத்தி ஆம்புலன்சுக்கு வழி செய்த காப்பிக்கடை அங்கிள், கைமாற்றி அழுத்திய பையன்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், தாதியர், தண்ணீர்மலையானிடம் அர்ச்சனை வைத்த உறவுகள், எல்லாருக்கும் கைகூப்புகிறேன்.

நானும் பிள்ளைகளும் செம்பிறைச் சங்கத்தில் முதலுதவி படிக்கப் போகிறோம். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும் என்று பெரியவன் இப்போதே மனப்பாடம் செய்கிறான். எனக்கு முதலில் வேண்டியது, பத்துவரை எண்ணிப் பார்க்கும் உங்கள் நிதானம்.

அன்று உங்கள் பையில் ஆறிப்போன சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர் இதைப் படித்தால், ஐயா, அம்மா, யாராக இருந்தாலும், தாமதம் எங்களால்தான். அந்தத் தம்பிமேல் புகார் ஏதும் கொடுத்திருந்தால் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.